பாங்கா, பண்டா? கணக்குப் படித்தவர் முன்னுள்ள இரு வழிகள்



நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், கணிதத்தில் எம்.எஸ்ஸி. இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். முகத்தில் மகிழ்ச்சியும் இருந்தது, கலக்கமும் இருந்தது. "அண்ணா, இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று முதலீட்டு பாங்கு, மற்றொன்று ஹெட்ஜ் பண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போடவேண்டும். எதில் போடலாம்?" என்று கேட்டார். "வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்றேன். "அப்பா பாங்குக்கே போகச் சொல்கிறார். பாங்கு உத்தியோகம் என்றால் பென்ஷன் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்றார்.

நானும் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவன்தான். படிப்பை முடித்தபின் ஒரு முதலீட்டு பாங்கின் இந்தியக் கிளையில் நான்கு ஆண்டுகள், ஒரு பண்டில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு வீட்டுச் சோற்றையும் உண்டவன். ஆயினும் அன்றிரவு அந்தத் தம்பிக்கு நான் சொன்ன மறுமொழி அரைகுறையானது. அவரைப் போலவே இன்னும் பலர் இவ்வாண்டும் அடுத்த ஆண்டும் இக்கேள்வியோடு நிற்பார்கள் என்பதால், சொல்லவேண்டியதை முறைப்படி இங்கே எழுதுகிறேன்.

பெயரும் பொருளும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முதலீட்டு பாங்கு என்பது நம் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் பாங்கு போன்றதன்று. பாஸ் புத்தகம், நகைக் கடன், வரிசையில் நிற்கும் பாட்டி ஆகியவற்றை அங்கே காண முடியாது. கம்பெனிகள் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வெளியிட உதவுவது, ஒரு கம்பெனி மற்றொன்றை வாங்கும்போது இடையில் நின்று முடித்து வைப்பது, சந்தையில் விற்க வருபவனிடம் வாங்கி, வாங்க வருபவனுக்கு விற்பது ஆகியவையே அதன் தொழில்கள். கோல்ட்மன் சாக்ஸ், மார்கன் ஸ்டான்லி, ஜே. பி. மார்கன் முதலியவை இவ்வகை. கோல்ட்மன் சாக்ஸ் 2004இல் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. அதுபோன்ற அலுவலகங்களில்தான் நம்மவர் பலர் வேலைக்குச் சேர்கிறார்கள்.

ஹெட்ஜ் என்றால் வேலி. 1949இல் அமெரிக்காவில் ஆல்பிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் ஒரு முறையைக் கையாண்டார். அவர் சமூகவியல் படித்தவர், பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். ஏறும் என்று தாம் நம்பிய பங்குகளை வாங்கினார். இறங்கும் என்று நம்பிய பங்குகளை இரவல் பெற்று விற்றார். சந்தை முழுவதும் சரிந்தால் முதலாவதில் நஷ்டம்; இரண்டாவதில் லாபம். இப்படிப் பயிருக்கு வேலி போட்டதுபோல் பணத்துக்கு வேலி போட்டதால் அப்பெயர் வந்தது. இன்று பல பண்டுகளில் வேலியே கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செல்வர்களிடமும் பெரிய நிறுவனங்களிடமும் பணம் திரட்டி, அதைப் பெருக்கிக் கொடுத்து, லாபத்தில் பங்கு பெறுவது அவற்றின் தொழில். கணிப்பொறி விஞ்ஞானியான டேவிட் ஷா 1988இல் நியூயார்க்கில் தொடங்கிய டி. இ. ஷா நிறுவனம் 1996இலேயே ஐதராபாத்துக்கு வந்துவிட்டது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. வெளியாரிடம் பணம் வாங்காமல் தம் சொந்தப் பணத்தைக் கொண்டே சந்தையில் வாணிபம் செய்யும் நிறுவனங்கள் அவை. கல்லூரிக்கு வந்து ஆள் எடுப்பவற்றில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. நம் விடுதியில் இவற்றையும் சேர்த்து 'ஹெட்ஜ் பண்டு' என்றே சொல்லிவிடுகிறார்கள். வேலையின் தன்மை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பணம் யாருடையது என்பதில் வேறுபாடு இருக்கிறது. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

பாங்கில் நடப்பது

ஓர் ஏற்றுமதியாளருக்கு மூன்று மாதம் கழித்து ஒரு லட்சம் டாலர் வரவேண்டியிருக்கிறது. அதற்குள் டாலரின் விலை இறங்கிவிடுமோ என்று அவருக்கு அச்சம். 'அன்று சந்தையில் என்ன விலை விற்றாலும், இன்ன விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன். உமக்கு வேண்டாமென்றால் விற்கவும் வேண்டாம்' என்று பாங்கு அவருக்கு ஓர் உரிமையை விற்கிறது. இதற்கு ஆப்ஷன் என்று பெயர். இந்த உரிமைக்கு இன்று என்ன விலை வைப்பது?

டாலர் ஏறுமா, இறங்குமா என்று தெரிந்தால்தானே விலை சொல்லலாம் என்று நமக்குத் தோன்றும். அது தேவையில்லை என்பதே 1973இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் மூவரும் காட்டிய உண்மை. உரிமையை விற்ற பாங்கு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. விலை அசைய அசைய, நாள்தோறும் சிறிது டாலரை வாங்கியோ விற்றோ தன் நிலையைச் சமன் செய்துகொண்டே வருகிறது. அப்படிச் சமன் செய்ய ஆகும் செலவு எவ்வளவோ, அதுவே அந்த உரிமையின் நியாய விலை. எனவே பாங்கில் இருக்கும் கணிதன் நாளைய விலை என்ன என்று கேட்பதில்லை. 'சந்தையில் விலை தெரிந்த பொருள்களோடு முரண்படாமல், விலை தெரியாத இந்தப் பொருளுக்கு விலை காண்பது எப்படி?' என்று கேட்கிறான்.

இதற்கு வேண்டிய கணிதம் அழகானது. ஜப்பானியர் இட்டோ 1940களில் வகுத்த நுண்கணிதம், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், கணிப்பொறியில் ஆயிரமாயிரம் பாதைகளை ஓட்டிச் சராசரி காணும் மான்டி கார்லோ முறை ஆகியவை நித்திய உபயோகப் பொருள்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் ஆராய்ச்சி செய்து, 2007இல் ஏபெல் பரிசு பெற்ற ஸ்ரீனிவாச வரதனின் ஆராய்ச்சிகளும் இத்துறையில் பயன்படுகின்றன. வகுப்பில் படித்த தேற்றத்தை வாழ்க்கையில் மறுபடி சந்திக்க விரும்புகிறவனுக்குப் பாங்கு நல்ல இடம்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. பாங்கில் கணிதர் எல்லோரும் புதிய சூத்திரம் காண்பதில்லை. பலர் பிறர் செய்த சூத்திரத்தைச் சரிபார்ப்பவர்களும், அன்றாட அறிக்கைகளைத் தயார் செய்பவர்களுமே. இந்தியக் கிளைகளில் இவ்வேலை இன்னும் அதிகம். நானும் முதல் இரண்டாண்டுகள் சரிபார்ப்புப் பகுதியில்தான் இருந்தேன். அது தாழ்ந்த வேலை என்று அன்று வருந்தினேன். அந்த வருத்தம் தவறானது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். 2012இல் ஜே. பி. மார்கனின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் ஏற்பட்டது. அபாயத்தை அளக்க அவர்கள் வைத்திருந்த கணக்குத்தாளில், இரண்டு எண்களின் சராசரியால் வகுக்கவேண்டிய இடத்தில் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்திருந்ததை அந்த பாங்கின் விசாரணை அறிக்கையே பின்னர் வெளிப்படுத்தியது. நஷ்டத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் அபாயத்தைப் பாதியாகக் காட்டிய அந்தக் கணக்கை ஒருவர் உட்கார்ந்து ஒழுங்காகச் சரிபார்த்திருக்கலாம்.

பாங்கில் சூதாட்ட வேகம் குறைந்ததற்கும் வரலாறு உண்டு. 2008 செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் திவாலாயிற்று. அதன்பின் 2010இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி, பாங்குகள் தம் சொந்த லாபத்துக்காகச் சந்தையில் பந்தயம் வைப்பது பெரும்பாலும் தடுக்கப்பட்டது. அவ்வகை வேலையில் இருந்தவர் பலர் பண்டுகளுக்குப் போனார்கள். வாடிக்கையாளருக்காக நடக்கும் வேலையே பாங்கில் பெரும்பாலும் மிஞ்சியது.

பண்டில் நடப்பது

பண்டில் கேட்கப்படும் கேள்வி நேர் எதிரானது: நாளை எது ஏறும், எது இறங்கும்? இதற்கு யாராலும் உறுதியாக விடை சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டியதில்லை. நூற்றுக்கு 51 முறை சரியாகச் சொன்னால் போதும்.

இது எப்படி என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வென்றால் ஒரு ரூபாய், தோற்றால் ஒரு ரூபாய் என்று பந்தயம். வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 51. ஒரு பந்தயத்தில் எதிர்பார்க்கும் லாபம் 2 காசு மட்டுமே. ஆனால் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஒரு ரூபாய். 100 பந்தயம் வைத்தால் எதிர்பார்க்கும் லாபம் 2 ரூபாய், விலக்கம் 10 ரூபாய். அப்போதும் நஷ்டப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 40க்கு அருகில். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 10,000 பந்தயம் வைத்தாலோ லாபம் 200 ரூபாய், விலக்கம் 100 ரூபாய். நஷ்டப்படும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். இதுவே பண்டுத் தொழிலின் அடிப்படை.

இக்கணக்கில் மூன்று குழிகள் இருக்கின்றன. முதலாவது, செலவு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் தரகும் வரியும் சேர்ந்து 2 காசு ஆனால், நம் லாபம் முழுவதும் போயிற்று. ஆகவேதான் அந்நிறுவனங்கள் கம்பியின் நீளத்தையும் கணிப்பொறியின் வேகத்தையும் பற்றி இவ்வளவு கவலைப்படுகின்றன.

இரண்டாவது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தப் பொருளுமற்ற 100 விதிகளைச் சோதித்தாலும், நூற்றுக்கு 5 என்ற புள்ளியியல் அளவுகோலில் ஏறத்தாழ ஐந்து விதிகள் தற்செயலாகத் தேறிவிடும். தேறியதை மட்டும் மேலதிகாரியிடம் காட்டுவது எளிது. அதை நம்பிப் பணம் போட்டபின் உண்மை தெரியும். பண்டில் நான் கற்ற முதல் பாடம், என் நல்ல முடிவுகளை நானே சந்தேகிப்பது.

மூன்றாவது குழிதான் ஆழமானது. பந்தயங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று சொன்னேன் அல்லவா? அமைதியான காலத்தில் அவை அப்படித்தான் தோன்றும். 1994இல் தொடங்கிய லாங் டேர்ம் கேபிட்டல் மேனேஜ்மென்ட் என்ற பண்டில் மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்காளிகள். 1997இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். 1998இல் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றபோது, தொடர்பற்றவை என்று அவர்கள் எண்ணிய பந்தயங்கள் எல்லாம் ஒரே திசையில் தோற்றன. நியூயார்க் ரிசர்வ் பாங்கு கூட்டிய கூட்டத்தின் விளைவாக 14 நிறுவனங்கள் 360 கோடி டாலருக்கு மேல் போட்டு அதைத் தாங்கிப் பிடிக்கவேண்டியதாயிற்று. 2007 ஆகஸ்டு இரண்டாம் வாரத்திலும் இது போன்றதே நடந்தது. பல பண்டுகள் தனித்தனியே கண்டுபிடித்ததாக நினைத்த விதிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. யாரோ ஒருவர் அவசரமாக விற்கத் தொடங்கவே, எல்லோரும் சில நாட்களில் ஒன்றாக நஷ்டப்பட்டார்கள்.

வென்றவர்களும் உண்டு. வடிவ கணிதத்தில் புகழ் பெற்றிருந்த ஜிம் சைமன்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து, 1982இல் ரெனசான்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2024இல் மறையும்போது உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக இருந்தார். நம் விடுதி அறைகளில் அவர் பெயரைச் சொல்லித்தான் கனவு காண்கிறோம். மூடப்பட்ட பண்டுகளின் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஊதியமும் உத்தரவாதமும்

பழைய வழக்கப்படி பண்டு தன்னிடமுள்ள பணத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2, லாபத்தில் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்ளும். 1,000 கோடி ரூபாய் பண்டு ஓராண்டில் 150 கோடி லாபம் கண்டால் அதன் வருமானம் 20 கோடியும் 30 கோடியுமாக 50 கோடி. இதனால்தான் சில பேர் மட்டுமே வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவ்வளவு பெரிய போனஸ் கிடைக்கிறது. ஆனால் நூற்றுக்கு 10 நஷ்டமாகி 900 கோடியானால், மறுபடி 1,000 கோடியைத் தொடும்வரை லாபப் பங்கு கிடையாது. அதற்கு நூற்றுக்கு 11க்கு மேல் ஏறவேண்டும். அதுவரை ஊழியருக்குப் போனஸ் தர வழியில்லை. நல்லவர்கள் விலகுவார்கள். முதல் போட்டவர்களும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பண்டு மூடப்படும். சொந்தப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்க வெளியார் இல்லை. ஆனால் முதலாளியின் பொறுமையே எல்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த பண்டில் பல குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நஷ்ட எல்லை. மூன்று ஆண்டுகள் எங்கள் குழு நன்றாகவே இருந்தது. நான்காம் ஆண்டு ஐந்து மாதங்கள் தொடர்ந்து இறங்கினோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் நுழைவு அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. காவலாளி மிகுந்த மரியாதையோடு எங்களைக் கீழ்த்தளத்து அறைக்கு அழைத்துப் போனார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் எங்களை அவமதிக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடிதான் நடந்தது. எதிரிலிருந்த கடையில் நாங்கள் மூவரும் தேநீர் குடித்தோம். எங்களுள் ஒருவருக்கு அந்த மாதம்தான் வீட்டுக் கடன் தொடங்கியிருந்தது.

பாங்கில் இப்படி நடக்காது என்று எண்ணவேண்டாம். அங்கேயும் ஆட்குறைப்பு உண்டு. ஆனால் அங்கே மாதச் சம்பளத்தின் பங்கு அதிகம், போனஸின் பங்கு குறைவு. ஒரு பகுதி மூடப்பட்டால் வேறொரு பகுதிக்கு மாறவும் வழி உண்டு. அந்தத் தம்பியின் தந்தை நினைக்கும் பென்ஷன் இரண்டு இடத்திலும் கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்

இதுவரை சொன்னது நம் நலம் பற்றியது. இனிச் சொல்வதை நான் இவ்வேலைகளில் சேருமுன் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திருப்பூரில் என் மாமா சிறிய பனியன் கம்பெனி வைத்திருந்தார். 2007ஆம் ஆண்டு தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய்க்கு மேல் இருந்தது; ஆண்டு முடிவில் 40 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. துணி ஏற்றுமதி செய்தவர் எல்லோரும் கலங்கினர். அந்த நேரத்தில் ஒரு பாங்கிலிருந்து வந்தவர்கள் மாமாவிடம் ஒரு காகிதம் காட்டினார்கள். முன்பணம் ஒரு காசும் வேண்டாம். டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விலை ஓர் எல்லைக்கு மேலே இருக்கும்வரை மாமாவுக்கு லாபம். எல்லைக்குக் கீழே போனால் மாமா பாங்குக்குக் கொடுக்கவேண்டும். பனியனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் என்ன தொடர்பு என்று மாமா கேட்டாராம். 'பல ஆண்டுகளாக அந்த எல்லைக்குக் கீழே போனதே இல்லை' என்று மறுமொழி வந்தது. 2008 மார்ச்சில் வரலாற்றிலேயே முதன்முறையாக டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே இறங்கியது. மாமா நிட்டிங் மெஷின்களை விற்றார். அவர் ஒருவர் மட்டுமல்லர். இத்தகைய ஒப்பந்தங்களில் சிக்கிய ஏற்றுமதியாளர் பலர் திருப்பூரில் இருந்தார்கள். இவ்வகை வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்தன.

நான் அப்போது பள்ளி மாணவன். பத்து ஆண்டுகள் கழித்து, நான் வேலை பார்த்த பாங்கில் பழைய ஒப்பந்தங்களின் விலையைச் சரிபார்க்கும்போது அதே வடிவம் என் மேசைக்கு வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமா ஓர் உரிமையை வாங்கவில்லை. தாமறியாமல் ஒரு பெரிய உரிமையைப் பாங்குக்கு விற்றிருந்தார். விற்றதன் மதிப்பு பெற்றதன் மதிப்பைவிட மிக அதிகம். அந்த வித்தியாசம் கையெழுத்துப் போட்ட அன்றே பாங்கின் லாபக் கணக்கில் ஏறிவிடும். 'முன்பணம் வேண்டாம்' என்பதன் பொருள் அதுதான். ஊருக்குப் போனபோது இதை மாமாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கணக்கைப் போட்டவனும் உன்னை மாதிரி படிச்ச பையன்தானே?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பண்டுப் பக்கமும் பார்ப்போம். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர, ஆப்ஷன் சந்தையில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் மட்டும், செலவு கழிக்குமுன், சொந்தப் பண நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் கண்டார்கள். அந்த லாபத்தில் நூற்றுக்கு 95க்கு மேல் கணிப்பொறி விதிகள் மூலம் வந்தது. முன்பு நாம் போட்ட கணக்கில் 51 முறை வெல்பவன் நாம் என்றால், 49 முறை வெல்பவன் யார் என்பதற்கு இதுவே விடை. அவர்களுள் கடன் வாங்கி ஆடிய கல்லூரி மாணவரும் இருப்பார்கள். நம் விடுதியிலும் சிலர் இருக்கலாம்.

இதைக் கூறுவதால் இரண்டும் பாவத் தொழில் என்று நான் சொல்லவில்லை. எளிய முன்பேர ஒப்பந்தம் ஒன்று திருப்பூரில் எத்தனையோ கம்பெனிகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்குச் சரியான விலை சொல்லவும் கணக்குத் தெரிந்தவன் வேண்டும். இடைவிடாது வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கும் நிறுவனங்களால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. அதனால் ஓய்வூதியப் பணத்தைப் பங்கில் போடுபவருக்கும் நன்மை உண்டு. என் வேண்டுகோள் ஒன்றுதான். சமன்பாட்டின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அறிந்துகொண்டு வேலை செய்யுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

ஆகவே, பாங்கா பண்டா என்று கேட்பதைவிட, கையில் இருக்கும் குறிப்பிட்ட வேலையைப் பற்றி இந்த ஐந்தையும் கேட்பது நலம்.

ஒன்று: பணம் யாருடையது? வாடிக்கையாளருடையதா, முதல் போட்டவருடையதா, முதலாளியின் சொந்தமா? நஷ்டக் காலத்தில் உங்கள் நிலை அதைப் பொறுத்தது.

இரண்டு: நான் சேரும் குழு என்ன செய்கிறது? நிறுவனத்தின் பெயரைவிடக் குழுவின் வேலை முக்கியம். பாங்கில் வாணிப மேசைக்கு அருகில் இருப்பவருக்குப் பின்னர் பண்டுக்குப் போகும் பாதை அகலமானது. அறிக்கை தயாரிக்கும் பகுதியில் இருப்பவருக்குக் குறுகலானது. அதுபோல் பண்டிலும் ஆராய்ச்சி வேறு, நிரல் எழுதுவது வேறு, விலைப் பட்டியல்களைச் சுத்தம் செய்வது வேறு.

மூன்று: சம்பளத்தில் நிலையானது எவ்வளவு? கூட்டித் தரும் பெருந்தொகையில், சேரும்போது கொடுக்கும் போனஸும் அடங்கியிருக்கும். ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தரவேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். கல்விக் கடனின் தவணையை நிலையான சம்பளத்தோடு ஒப்பிடுங்கள், மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள்.

நான்கு: விலகும்போது என்ன? பல பண்டுகள் விலகியவரைச் சில மாதங்கள் வேறெங்கும் சேரவிடாமல் வீட்டில் இருத்தும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவரைத் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு அந்த அளவில் செல்லாது என்கிறது. ஆனால் சம்பளம் கொடுத்து நீட்டிய முன்னறிவிப்புக் காலம் வேறு. இரகசியத்தைக் காக்கும் கடமையும் வேறு. அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஐந்து: நான் வென்றால் தோற்பவர் யார்? நேர்முகத் தேர்வில் இதைக் கேட்கத் தயங்கவேண்டாம். நேராக விடை சொல்பவரிடம் வேலை பார்க்கலாம்.

என் கருத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்ப்பவர் இருந்தால், பாங்கில் தொடங்குவது மேல். பலவகைச் சந்தைகளையும் ஒரே கூரையின்கீழ் காணலாம். தவறு செய்து கற்க நேரமும் கிடைக்கும். புள்ளியியலிலும் நிரல் எழுதுவதிலும் உண்மையான ஆசை இருந்து, 'நீ சொன்னது தவறு' என்று சந்தை நாள்தோறும் சொல்வதைத் தாங்கும் மனமும் இருந்து, ஓராண்டுச் செலவுக்குப் பணமும் இருந்தால், பண்டில் கற்பது வேகமாக நடக்கும். இரண்டிலும் மனம் ஒட்டாவிட்டால், சந்தையைக் கண்காணிக்கும் செபியிலும் ரிசர்வ் பாங்கிலும் கணக்கு அறிந்தவருக்கு வேலை உண்டு. ஆராய்ச்சிக்குத் திரும்புவதும் தோல்வியன்று.

நம் தம்பி வியாழக்கிழமை இரவு என் அறைக்கு வந்தார். இரண்டு ஒப்பந்தங்களையும் விரித்து வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சேர்ந்து படித்தோம். பண்டின் காகிதத்தில் பெருந்தொகையின் பாதிக்கு மேல் முதலாண்டுக்கு மட்டும் உரியது என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. அவர் பாங்கில் கையெழுத்திட்டார். அதற்குமுன் தந்தையிடம் தொலைபேசியில் பென்ஷன் இல்லை என்பதைச் சொல்லிவிடச் சொன்னேன், சொல்லிவிட்டார்.

மார்ச்சு முடியும்வரை நான் இவ்வூரில்தான் இருப்பேன். சனிக்கிழமை மாலைகளில் சங்க அறையில் காணலாம். ஒப்பந்தம் கையில் வந்தவர்கள் கையெழுத்துப் போடுமுன் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.